ஜவ்வாது மலை வானத்தைக் கேமராவில் பிடித்தவர்கள் வாருங்கள்: காவலூர் அனுபவங்கள்

காட்பாடி வாத்தியார்:

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் தங்கியவன் நான். இப்போது காட்பாடியில் இயற்பியல் எடுக்கிறேன். "பெரிய டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பார்த்தா எப்படி சார் இருக்கும்?" என்று பசங்க கேட்காத வருஷம் இல்லை. ஆய்வு நடக்கிற இரவில் அதில் யாரும் கண்ணை வைப்பதில்லை. அந்த இடத்தில் ஒளியை மின்னணு சிப்பில் பதியும் சிசிடி கேமரா உட்கார்ந்திருக்கும், நாம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்போம்.

நான் உதவிக்கு இருந்தது 1972-ல் நிறுவிய, கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளின் வளையங்களால் வந்த ஒளிக்குறைவு இதிலும் பதிவானது. அந்த டோமுக்குள் முதல்முறை கால் வைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

வேலை பொழுது சாய்வதற்கு முன்பே தொடங்கிவிடும். கேமராவின் குடுவையில் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். மைனஸ் 196 டிகிரி. புனலில் ஊற்ற ஊற்ற வெண்புகை வழிந்து தரையில் படரும், குடுவையின் வாயைச் சுற்றி உறைபனி பூக்கும். சிப் மைனஸ் 100-க்கும் கீழே குளிர்ந்தால்தான் வெப்பத்தால் தானாகக் கிளம்பும் எலக்ட்ரான்கள் அடங்கும். இல்லையென்றால் மங்கலான நட்சத்திரம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும்.

அடுத்தது ஃபிளாட். சீரான வெளிச்சத்தை மட்டும் படமெடுத்து வைத்துக்கொள்வது. ஃபில்டரில் ஒட்டிய தூசி படத்தில் வளையம் வளையமாக விழும், ஒவ்வொரு பிக்சலும் ஒளியை ஒரே அளவாக வாங்காது. இரவில் எடுத்த படத்தை ஃபிளாட்டால் வகுத்தால் இரண்டு குறையும் நீங்கும். அதற்கு அந்தி வானத்தைவிட வாகானது இல்லை. ஆனால் நாம் இருப்பது 12½ டிகிரி அட்சரேகை. சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவதால் சட்டென்று இருட்டிவிடும். முதல் படத்தில் வெளிச்சம் மிஞ்சிப்போகும், அடுத்த இரண்டு சரியாக வரும், ஃபில்டரை மாற்றி நிமிர்ந்தால் படத்தில் நட்சத்திரம் எட்டிப் பார்க்கும். அங்கே இரவு உதவியாளர் ஒருவர் இருந்தார், மலையூர்க்காரர். மேற்கு வானத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு "இப்ப அஞ்சு செகண்ட் வைங்க சார்... இப்ப பத்து" என்பார். திரையில் அளவு கச்சிதமாக இருக்கும். வானத்தைப் படிப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

ஆம்பூர் டீச்சர்:

நான் ஆய்வு எதுவும் செய்தவள் இல்லை சார். சனிக்கிழமை மாலை பொதுமக்களைப் பார்க்க விடுவார்களே, அப்போது பள்ளிப் பிள்ளைகளை ஆலங்காயம் வழியாகக் கூட்டிப்போனேன். சின்னத் தொலைநோக்கியில் வியாழன் தெரிந்தது. போனை ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், வைத்தால் வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழுந்தது. திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுத்ததும் இரண்டு பட்டைகள் வந்தன. 1988-ல் இதே காவலூரில் கண்டுபிடித்த 4130-ஆம் எண் சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் என்று சொன்னதும் கணக்கு என்றாலே ஓடும் பையன் ஒருவன் அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டான்.

வாணியம்பாடி ரசிகன்:

சார் சொன்ன அதே 12½ டிகிரி என்னை வேறு விதமாகப் படுத்தியது. என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் மவுண்ட் என்கிற தாங்கி, ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம் பக்கம் அது அட்சரேகை அளவுக்கு, அதே 12½ டிகிரி உயரத்தில்தான் நிற்பதால் வடக்கே ஒரு குன்று இருந்தாலே மறைந்துவிடும். போதாததற்கு அச்சு ஏறக்குறைய படுத்துவிடுவதால், தொலைநோக்கியின் பாரத்தை ஈடுகட்டும் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். இங்கே லேத் பட்டறையில் ஓர் அடி நீளக் குழாய் ஒன்றைக் கடைந்து வாங்கி, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவில் செருகிய பிறகு இடிக்கவில்லை.

துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் வடக்கிலிருந்து தெற்காகத் தலைக்கு மேலே போகும் உச்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று பார்த்து மவுண்டை இடவலமாகத் திருத்துவேன். பிறகு கிழக்கில் தாழ்வாக ஒன்றைப் பிடித்து ஏற்ற இறக்கத்தைத் திருத்துவேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் 30 செகண்டுக்கு நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், தெற்கு வானத்துக்கு. மார்ச் மாதம், ஜமுனாமரத்தூர் பக்கம், அறுத்துவிட்ட சாமைக் கொல்லை ஓரம். இரவு இரண்டு மணிக்கு ஒமேகா சென்டாரி தெற்கே 30 டிகிரி உயரத்துக்கு ஏறியது. நம் பால்வெளியின் மிகப்பெரிய கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம், சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஐஎஸ்ஓ 1600, 30 செகண்ட். கேமராத் திரையில் வந்ததைக் கொல்லைக்காரப் பெரியவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி இது, சாமையைக் கொட்டி வெச்ச மாதிரி கீது?"

அத்தனையும் நட்சத்திரம் என்றேன். வெறும் கண்ணுக்கு அது மங்கலான ஒரே புள்ளியாகத் தெரியும். பெரியவர் அந்தப் புள்ளியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த படத்துக்குக் கேபிளை அழுத்த எனக்கு மனசு வரவில்லை.

காட்பாடி வாத்தியார்:

அருமை தம்பி. இதற்குத்தானே வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார், தெற்கு வானம் இவ்வளவு கிடைக்கும் என்று. ஃபிளாட் எடுக்கிறீர்களா? விடியும்போது தொலைநோக்கிக் குழாயின் வாயில் வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, ஃபோகஸை மாற்றாமல் எடுங்கள். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களை இரவு முழுக்க நடுநடுவே எடுங்கள். மலையில் விடிய விடியக் குளிர் ஏறும், ஒரே வெப்பநிலையில் எடுத்த டார்க் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது.

அடுத்து ஈட்டா கரினா நட்சத்திரத்தைச் சூழ்ந்த வாயு மேகத்தைப் பாருங்கள். 18 டிகிரிக்கு மேல் ஏறாது, தெற்கே மரமே இல்லாத இடம் வேண்டும். மாற்றாத டிஎஸ்எல்ஆரின் உள் ஃபில்டர் அந்த மேகத்தின் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும், அதனால் நிறையப் படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் இருக்க, ஊர்ப் பஞ்சாயத்தில் தெருவிளக்குக்கு மேல்மூடி போடச் சொல்லி நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு மனுவும் கொடுப்போம். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், ஆலங்காயம் பக்கத்து ஆட்கள் கையெழுத்து வாங்க முன்வாருங்கள்.