யூரியேஸ் அடங்குகிறது, ஆனால் பைலோரி சாகவில்லை. ஏன்?

கேள்வி:
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக இரைப்பையில் வாழும் பாக்டீரியாவான ஹெலிகோபாக்டர் பைலோரியின் யூரியேஸ் நொதியை (யூரியாவை உடைத்து அம்மோனியா தருவது) தடுக்கும் சேர்மங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விலைக்கு வாங்கிய ஜாக் பீன் (ஒரு அவரை வகை) யூரியேஸில் ஒரு சேர்மம், ஒப்பீட்டுக்கு வைக்கும் தடுப்பானான தயோயூரியாவை விட நன்றாக வேலை செய்தது, குழாயில் அம்மோனியாவைக் காட்டும் இண்டோபீனால் நீலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ரத்த அகாரில் வளர்த்த பைலோரிக்கு அதையே கொடுத்தேன். 4 நாள் கழித்துத் தட்டைத் திறந்தால் காலனிகள் வழக்கம்போல முளைத்து நிற்கின்றன. 3 மாத உழைப்பு. எங்கே தப்பு?

பதில் 1:
முதலில் அந்த நீலத்தையே சந்தேகப்படுங்கள். அம்மோனியா, ஃபீனால், ஹைப்போகுளோரைட் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நிறம் வரும்; சேர்மத்தில் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருந்தால் அது ஹைப்போகுளோரைட்டைத் தின்றுவிடும். நொதியே இல்லாமல் அம்மோனியம் குளோரைடோடு சேர்மத்தைப் போட்டுப் பாருங்கள்; நீலம் வராவிட்டால் சேர்மம் நிறத்தைத்தான் கெடுக்கிறது, நொதியை அல்ல. நான் இதில் ஒரு செமஸ்டரையே தொலைத்திருக்கிறேன்.

கேட்டவர்:
இன்றே செய்துவிட்டேன் அண்ணா. நீலம் நன்றாகவே வருகிறது.

பதில் 2:
சரி, அப்படியென்றால் சேர்மத்தைக் கைவிடாதீர்கள். நடுநிலை பிஹெச்சில் வளர பைலோரிக்கு யூரியேஸ் தேவையே இல்லை, அதனால் உங்கள் தட்டில் அது செழிப்பாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. இரைப்பை அமிலத்தில்தான் அது யூரியாவை உடைத்து, வரும் அம்மோனியாவால் தன்னைக் காத்துக்கொள்கிறது. யூரியேஸ் இல்லாத திரிபால் பன்றிக்குட்டிகளின் இரைப்பையில் குடியேற முடியவில்லை என்று 1991-லேயே காட்டிவிட்டார்கள். பிஹெச் 3-க்குக் கீழே, 5 மில்லிமோலார் யூரியாவோடு அரை மணி நேரம் வைத்து, பிறகு தட்டில் பரப்பி எண்ணுங்கள். யூரியா இல்லாத குழாய் ஒன்றும், பிஹெச் 7-இல் ஒன்றும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எதனால் செத்தது என்று சொல்லவே முடியாது.

பதில் 3:
இன்னொன்று. யூரியேஸ் பெரும்பாலும் செல்லுக்குள்ளே இருக்கிறது, சேர்மம் இரண்டு சவ்வுகளைத் தாண்டிப் போக வேண்டும். முழு செல்லிலும் உடைத்த செல்லிலும் தனித்தனியாக அளந்தால் உள்ளே போகிறதா என்பது தெரிந்துவிடும். ஜாக் பீன் நொதியிலும் அதே இரண்டு நிக்கல் அயனிகள்தான், ஆனாலும் அந்த முடிவை வைத்து ஆய்வேட்டில் 'பைலோரி யூரியேஸ்' என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. வியாழக்கிழமை புது கல்ச்சர் தயாராகிவிடும். உடைத்த செல்லில் தொடங்கி, அமிலச் சோதனையை மறுநாள் வைக்கிறேன். எண்ணிக்கை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.