ஹேண்டோவருக்கு ஒரு சொல்லா, இரண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுவதை மருத்துவமனைகளில் ‘ஹேண்டோவர்’ (handover) என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், ‘ஒப்படைப்பு’ போதும் என்று முடிவு செய்துவிடுவதற்கு முன் என் தரப்பையும் கேட்க வேண்டுகிறேன். நோயாளிகளை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கும், ஒரு மருத்துவமனையிலிருந்து வேறொன்றுக்கும் மாற்றுவதைப் பற்றிய ஆய்வில் உதவியாளராக இருக்கிறேன். படிவமும் கடிகாரமுமாக ஸ்ட்ரெச்சரின் பின்னாலேயே நடப்பது என் வேலையில் பாதி. குறித்து வந்ததையும் வார்டுகளில் நிரப்பித் தந்த படிவங்களையும் கணினியில் ஏற்றுவது மீதி.

சிக்கல் அந்த மீதியில்தான் தெரிந்தது. தமிழ்ப் படிவத்தில் ‘இடமாற்ற நேரம்’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தோம். ஒருவர் அதில் மருத்துவர் மாற்றச் சொன்ன நேரத்தை எழுதியிருந்தார். இன்னொருவர் நோயாளி கட்டிலை விட்டுப் புறப்பட்ட நேரத்தை எழுதியிருந்தார். புதிய வார்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் சிலவற்றில், அங்குள்ள செவிலியர் கையெழுத்திட்ட நேரம் வேறு சிலவற்றில். நிரப்பியவர்கள் மேல் பிழையில்லை. இந்த நான்கையுமே ‘இடமாற்றம்’ என்ற சொல் தாங்கும். இவற்றைக் கலந்து சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. அத்தனை படிவங்களையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ‘இடமாற்றம்’ உடல் இடம் பெயர்வதற்கு மட்டும் இருக்கட்டும். பொறுப்பு கை மாறுவதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் இங்கு யாருக்கும் மறுப்பில்லை. அது ஒரு சொல்லா, இரண்டா என்பதுதான் என் கேள்வி.

ஒரு மாலை நான் பார்த்தது இது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து முதியவர் ஒருவரைப் பொது வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடன் வந்த செவிலியர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கொடுத்த மருந்துகளையும் அடுத்த ரத்தப் பரிசோதனை எத்தனை மணிக்கு என்பதையும் தெளிவாகச் சொன்னார். வார்டுச் செவிலியர் அப்போது குனிந்து, ஆக்சிஜன் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றிச் சுவர் இணைப்பில் பொருத்திக்கொண்டிருந்தார். “சரி, சரி” என்றார். தாள் தலையணையோரம் வைக்கப்பட்டது. வந்தவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் தாளை எடுத்துப் பார்த்த வார்டுச் செவிலியர் தொலைபேசியை நோக்கி ஓடினார். பரிசோதனை நேரம் அதில் எழுதப்படவில்லை. வாயால் சொல்லப்பட்டது, காதில் விழவில்லை.

இதை ‘ஒப்படைப்பு நடந்தது’ என்று பதிவு செய்தால் பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல் கொடுப்பவர் பக்கம் மட்டுமே நிற்கிறது. வாங்கிக்கொண்டவர் ஒருவர் உண்டா என்று அது கேட்பதே இல்லை.

மருத்துவ உலகமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ‘எஸ்பார்’ முறை, சொல்பவர் எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று வகுத்தது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. பின்னால் வந்த ‘ஐ-பாஸ்’ முறையிலோ கடைசிப் படி கேட்பவருடையது. கேட்டதைத் தம் சொற்களில் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 9 மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்திப் பார்த்து 2014இல் வெளிவந்த ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. அந்தக் குறைவு முழுவதற்கும் கடைசிப் படியே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சி உட்பட வேறு பலவும் அதில் சேர்ந்திருந்தன. ஆனாலும் கேட்பவருக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. நம் சொல்லிலும் இருக்க வேண்டாமா?

நான் முன்வைப்பது ஓர் இணை: கையளிப்பு, கையேற்பு. ‘கையளிப்பு’ இலங்கைச் செய்தித்தாள்களில் புழங்கும் சொல்தான். கையளித்தார், கையேற்றார், கையளிப்பவர், கையேற்பவர் என்று வினையாகவும் பெயராகவும் தடையின்றி வளைகிறது. படிவத்தில் இரண்டு கட்டங்கள், இரண்டு நேரங்கள், இரண்டு கையெழுத்துகள். ‘கைமாற்று’ என்று முன்பு ஒருவர் சொன்னது குறுகியது, அழகானது. ஆனால் பத்திரமில்லாமல் வாங்கும் சிறு கடனுக்கு அந்தச் சொல்லை மக்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. ‘எஸ்பார்’ முறையின் கடைசிப் படிக்கும் ‘பரிந்துரை’, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கும் ‘பரிந்துரை’ என்று ஒரே தாளில் இருமுறை வருவது குழப்புகிறது. பின்னதற்கு ‘மேலனுப்புகை’ என்று எழுதிப் பார்க்கிறேன்.

கையளிப்புக்கும் கையேற்புக்கும் நடுவே கழியும் நேரத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘பொறுப்பிடைவெளி’ என்று எழுதிச் செவிலியர் ஒருவரிடம் காட்டினேன். “நாங்கள் பொறுப்பில்லாமல் இருந்த நேரம் என்று படிக்கிறது” என்றார். அவர் சொன்னது நியாயம், அடித்துவிட்டேன். இப்போதைக்குப் படிவத்தில் ‘இடைநேரம்’ என்று இருக்கிறது. இதைவிடப் பொருந்தும் சொல் தோன்றினால், அடுத்த படிவம் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.