பச்சை குத்தியவர்கள், பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக மனிதர்களின் முழங்கை மடிப்பைப் பார்த்தே என் நாள் போகிறது. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு கையில் பச்சை இருக்கும். இப்போது இளவயதுக்காரர்கள் வந்தால், டாட்டூ இல்லாத கை குறைவு.

போன மாதம் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இடமே விடாமல் டாட்டூ, கழுத்திலும் ஏறியிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவர் உள்ளே நுழைந்ததும் என் கைப்பையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். அவர் உட்கார்ந்து சட்டையை மடித்துவிட்டு, "மேடம், இந்தக் கையில் மட்டும் வேண்டாமே" என்றார். குனிந்து பார்த்தால், நான் நரம்பு தேடுகிற அதே இடத்தில் ஒரு வயதான அம்மாவின் முகம். கண்ணோரச் சுருக்கம்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். "அம்மா. மூன்று வருடம் டயாலிசிஸ். கையில் ஊசி குத்தாத இடமே கிடையாது. இங்கேயாவது ஊசி படாமல் இருக்கட்டும்" என்றார்.

அடுத்த கையில் சரியான நரம்பு சிக்கவில்லை. கடைசியில் புறங்கையில் சின்ன ஊசி போட்டு எடுத்தேன். அங்கே வலி அதிகம். அவர் முகம் சுளிக்கவே இல்லை, போகும்போது நன்றி வேறு சொன்னார்.

(கேட்பவர்களுக்காக: புதிதாகக் குத்தி இன்னும் ஆறாத டாட்டூ மேல் ஊசி போடமாட்டோம், தொற்று பயம். ஆறிவிட்டால் தடை இல்லை. ஆனால் மைக்கு அடியில் நரம்பின் நிறம் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும்.)

அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே அவர் இன்னார் என்று முடிவு கட்டிவிட்டேனே என்பது இன்னும் மனதை அறுக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். குத்திக்கொண்டவராகவோ, பார்த்தவராகவோ. எழுதுங்கள்.

* * *

சகோதரி, நான் மறுபக்கத்தில் நின்றவன்.

என் தோள்பட்டையில் உள்ளங்கை அளவு டாட்டூ, ஒரு மீன். ஜப்பானுக்கு வேலையாகப் போனபோது அலுவலக நண்பர்கள் ஒரு வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனார்கள். சட்டையைக் கழற்றியதும் அங்கே வேலை செய்யும் பெரியவர் ஓடி வந்து, தலை குனிந்து, கைகளைக் குறுக்கே வைத்து 'கூடாது' என்று காட்டினார். அவருக்குத்தான் என்னைவிடச் சங்கடம். நான்கு முறை மன்னிப்புக் கேட்டார். நண்பர்கள் குளித்துவிட்டு வரும் வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குக் கோபம்தான். அப்புறம் தேடிப் படித்தேன். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில், 1720-ல் இருந்து, திருடியவர்களின் கையில் வளையம் வளையமாகப் பச்சை குத்தி அனுப்பும் தண்டனை அங்கே இருந்திருக்கிறது. அதே காலத்தில்தான் தீயணைப்பு வீரர்களும் கூலித் தொழிலாளிகளும் முதுகு நிறைய டிராகனும் கெண்டை மீனும் குத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டவர் பார்த்தால் காட்டுமிராண்டிகள் என்பார்களே என்று 1872-ல், ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு தடை போட்டது, 1948 வரை அது நீடித்தது. பின்னால் டாட்டூ யாகுசா என்ற குற்றக் கும்பல்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. அந்தப் பெரியவர் என் மீனைப் பார்க்கவில்லை, இத்தனையையும்தான் பார்த்தார்.

2015-ல் அந்நாட்டுச் சுற்றுலா முகமை குளியல் விடுதிகளிடம் கேட்டபோது, 56 சதவீதம் பேர் டாட்டூ உள்ளவர்களை விடுவதில்லை என்றார்கள், 13 சதவீதம் பேர் மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றார்கள். அடுத்த முறை போனபோது தோல் நிற ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டேன், அந்த விடுதியில் விட்டார்கள். மீனை மறைத்தது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. மறைக்க முடியாத இடத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? 2013-ல் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு ஒரு மாநாட்டுக்காகப் போன மாவோரிப் பெண் ஒருவரை (நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரிகள்), முகத்தில் பச்சை இருக்கிறது என்று வெந்நீர்க் குளியலுக்கு விடவில்லை. பழங்குடி மொழிகளுக்கான மாநாடு அது.

* * *

மேலே மாவோரிப் பெண் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், மாவோரி, ஐம்பது தாண்டியவர். ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டு முகவாயில் மோகோ கவாயே குத்திக்கொண்டு வந்தார். மாவோரிகளின் பச்சைக்கு மோகோ என்று பெயர், பெண்கள் முகவாயில் குத்திக்கொள்வது மோகோ கவாயே. உதட்டுக்குக் கீழே வளைந்து இறங்கும் கோடுகள். நான் ஆசையாக, "ரொம்ப அழகாக இருக்கிறதே, டிசைன் எங்கே பிடித்தீர்கள்? நானும் கையில் இந்த மாதிரி போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "இது நான் பார்த்துப் பிடித்து எடுத்த டிசைன் இல்லை. என் பாட்டியின் அம்மாவுக்கு இருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்." குடும்பத்தாரைக் கேட்டு, எல்லோரும் கூடி நின்று பாட, அவர் படுத்திருக்கக் குத்தினார்களாம். அதில் இருப்பது அவருடைய குடிவழி. மாவோரி அல்லாதவர்களுக்கு அந்தப் பாணியில் வரைவதைக் கிரிதுஹி என்று தனிப் பெயர் வைத்துச் சொல்கிறார்கள், அதில் குடிவழி கிடையாது. 1840-ல் பிரிட்டிஷ் அரசோடு மாவோரிகள் செய்துகொண்ட வைட்டாங்கி ஒப்பந்தத்தில் சில மாவோரித் தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் கோடுகளையே வரைந்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஒருவரின் கையெழுத்தைப் போய் 'எனக்கும் போட்டுத் தாருங்கள்' என்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு மாவோரிப் பாட்டி இருந்தார். மறதி நோய். பெற்ற மகளையே அடையாளம் தெரியாது, பேச்சும் நின்று பல மாதம் ஆகியிருந்தது. அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டக் குனிந்தார். பாட்டி கையைத் தூக்கி, அக்காவின் முகவாயில் ஒரு விரலை வைத்து, அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். பிறகு தன் மொழியில் பேச ஆரம்பித்தார். நான்கைந்து வாக்கியம் இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே பதில் சொன்னார்.

இங்கே நிலைமை மாறியும் வருகிறது. 2019-ல் ஏர் நியூசிலாந்து தன் ஊழியர்களுக்கு வெளியே தெரியும் டாட்டூவை அனுமதித்தது. 2020-ல் வெளியுறவு அமைச்சரான நனையா மஹுட்டாவின் முகவாயில் இதே மோகோ கவாயே உண்டு. ஆனாலும் அந்த அக்கா பேருந்தில் ஏறினால் சிலர் இடம் மாறி உட்காருகிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன்.

* * *

புத்தர் உருவம் குத்தியவர்கள் இலங்கைக்குப் போகும் முன் யோசியுங்கள். 2014-ல் ஒரு பிரிட்டன் பெண்ணைக் கையில் புத்தர் டாட்டூ இருந்ததற்காகப் பிடித்துவைத்து நாடு கடத்தினார்கள். அவர் பௌத்தத்தில் பற்றுள்ளவர், பக்தியில்தான் குத்தியிருக்கிறார். 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. என் முதுகிலும் புத்தர் இருக்கிறார், அதனால் சொல்கிறேன். எனக்கு அது வணக்கம். அங்கே ஒருவருக்கு, வணங்கும் உருவத்தைச் சதையில் கொண்டுவந்ததே அவமதிப்பு. இருவருமே மனதாரத்தான் நினைக்கிறோம்.

* * *

நான் லேசரில் அழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயர். ஏழு தடவை ஆகிவிட்டது. சூடான எண்ணெய்த் துளி தெறிப்பது போல இருக்கும், கூடவே முடி கருகும் வாடை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 32 சதவீதம் பேருக்கு டாட்டூ இருக்கிறது, அவர்களில் 24 சதவீதம் பேர் ஏதோ ஒன்றுக்காக வருந்தியிருக்கிறார்கள். தனியாள் இல்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

டாக்டர் சொன்னது: மையை உடம்பு அன்னியப் பொருளாக நினைத்து, காவல் செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய செல் செத்தால், பக்கத்துச் செல் அதே மையை எடுத்து விழுங்குகிறது. அப்படிக் கை மாறிக் கை மாறித்தான் அது நிற்கிறதாம். லேசர் மையைப் பொடியாக்குகிறது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறது. கறுப்பு சீக்கிரம் போய்விட்டது. பச்சை நிறத்தில் போட்ட இலைதான் இன்னும் நிற்கிறது.

* * *

நான் குத்துகிறவன். பதினான்கு வருடமாக இதுதான் தொழில்.

பெண் பார்க்கப் போன இடத்தில் தொழிலைச் சொன்னதும் காபிக்கு முன்பே பேச்சு முடிந்தது உண்டு. 'சுத்தமில்லாத வேலை' என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. இன்றைய மெஷினின் முன்னோடிக்கு 1891-ல் சாமுவேல் ஓரைலி காப்புரிமை வாங்கியது நியூயார்க்கில், எடிசனின் மின்பேனாவை வைத்துச் செய்தது. அதே நியூயார்க் 1961-ல், கல்லீரல் அழற்சி பரவுகிறது என்று தொழிலையே தடை செய்து, 1997-ல்தான் தடையை எடுத்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் வாடிக்கையாளர் கண் முன்னால் ஊசி உறையைப் பிரிக்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அறுபது வயது தாண்டிய அம்மா. புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்து, அறுவை சிகிச்சையில் வடிவம் மட்டும் திரும்பக் கொடுத்திருந்தார்கள். காம்பு இல்லை. அதை வரைந்து தர முடியுமா என்று கேட்டு வந்தார். "மகன் கையில் குத்திக்கொண்டு வந்தபோது மூன்று மாதம் அவனோடு பேசவில்லை தம்பி. இப்போது நானே வந்து நிற்கிறேன்" என்றார்.

தழும்புள்ள தோல் மை பிடிப்பது வேறு மாதிரி. ஒரு இடத்தில் குடிக்கும், ஒரு இடத்தில் தள்ளிவிடும். மூன்று விதப் பழுப்பும் கொஞ்சம் இளஞ்சிவப்பும் கலந்து, அடுத்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்தேன். ஓரத்தில் நிழலும் நடுவில் வெளிச்சமும் கொடுத்தால் தட்டையான தோல் மேடாகத் தெரியும். இரண்டு மணி நேரம். முடித்ததும் அவரைக் கண்ணாடி முன் விட்டுவிட்டு என் உதவிப்பெண்ணை உள்ளே அனுப்பினேன். அவள் வந்து சொன்னாள்: பொத்தான் போட்டார், திரும்பக் கழற்றிப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

வெளியே வந்தவர் மகனுக்குப் போன் போட்டு, "உன் கையில் இருக்கிறதே, அது என்னடா படம்?" என்று கேட்டார்.

* * *

இழையைத் தொடங்கியவள் மறுபடி. எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நேற்று ஒரு இளம்பெண் வந்தாள். மணிக்கட்டில் ஒரு சின்னக் கோடு, ஏறி இறங்கி, ஈசிஜி போல. மூன்று குழாய் ரத்தம் எடுக்க வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டே, "இதைப் பற்றிக் கேட்கலாமாம்மா?" என்றேன். அவள் ஊசியைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தாள். இந்தக் கேள்விக்கு நிமிர்ந்தாள். "தம்பியோடது. குறைமாதத்தில் பிறந்தான். இன்குபேட்டரில் இருந்தபோது எடுத்தது" என்று ஆரம்பித்தவள், மூன்றாவது குழாய் நிரம்பி நான் பஞ்சை வைத்து அழுத்தும் வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறானாம்.