மதகுத் தரவில் மறைகுறி: வைக்கலாமா, கூடாதா?

கல்லணைக்கரை: கல்லணைக்குக் கீழே உள்ள வாய்க்கால், மதகு வரைபடத் தரவை உரிமம் போட்டு 20 பேருக்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். ஒரு படி வெளியே கசிந்தால் யாருடையது என்று எப்படிச் சொல்வது? ஆளுக்கு ஆள் மாறும் ரகசிய அடையாளம், அதாவது மறைகுறி வேண்டும். ஒவ்வொருவர் படியிலும் நிஜத்தில் இல்லாத கிளை வாய்க்கால் நாலைந்தை வெவ்வேறு இடத்தில் வரைந்துவிட்டால் போதும் என்பது என் கட்சி.

கடைமடை: கூடவே கூடாது சார். அந்த வரைபடத்தை வைத்துத்தான் தூர்வார எஸ்டிமேட் போடுவார்கள். இல்லாத வாய்க்காலுக்கு 400 மீட்டர் மண் கணக்கு ஏறிவிடும். மதகின் அடிமட்டத்தில் கை வைத்தால் இன்னும் மோசம். திருத்துறைப்பூண்டி பக்கம் தரை பலகை மாதிரி. 10 சென்டிமீட்டர் பிசகினால் வயலுக்குத் தண்ணீர் ஏறுமா என்ற கணக்கே புரண்டுவிடும். பொய் வரைந்துதான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே, சாலை அகலம் காட்டும் விதம் போன்ற தன் வரைநடையை வைத்தே நகலைக் காட்டியது. அதன் வரைபடங்களை நகலெடுத்த ஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2001ல் 2 கோடி பவுண்டு கொடுக்க ஒத்துக்கொண்டது.

கல்லணைக்கரை: சரி, போலி வாய்க்கால் வேண்டாம். புள்ளிகளின் அட்சரேகை எண்ணில் ஏழாவது தசமத்தில் குறியை வைத்தால் யாருக்கு நஷ்டம்?

வெண்ணாறு: ஏழாவது தசமம் 1 சென்டிமீட்டர் சொச்சம்தான். வாங்கியவர் ஐந்து தசமத்துக்கு ரவுண்ட் செய்து சேமித்தால், அதாவது 1.1 மீட்டருக்கு, குறி அத்தனையும் போச்சு. நேர்கோட்டில் கூடுதல் புள்ளி வைத்தாலும் தேவையற்ற புள்ளிகளை நீக்கிக் கோட்டை எளிமையாக்கும்போது உதிர்ந்துவிடும். வளைவில் வையுங்கள். வளைவுப் புள்ளி ஒன்றை வாய்க்கால் போக்கிலேயே 2 மீட்டர் மேலே தள்ளினால் 0, கீழே தள்ளினால் 1. குறுக்கே மட்டும் தள்ளாதீர்கள். கோடு கரை தாண்டி அடுத்தவர் பட்டாவுக்குள் போய்விடும். எந்தப் புள்ளி என்பதை, நமக்கு மட்டும் தெரிந்த எண்ணான ரகசியச் சாவியும் வாய்க்கால் எண்ணும் தீர்மானிக்கட்டும். 0வா 1ஆ என்பதற்கு வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்து எச்மேக் போடுங்கள், சாவி தெரியாதவர் போட முடியாத கணக்கு அது. 200 குறி வைத்தால் சம்பந்தமில்லாதவர் படியோடு சுமார் 100 தற்செயலாகவே ஒத்துப்போகும், கசியவிட்டவர் படியோடு 200ம் ஒத்துப்போகும். ஒரு துண்டு மட்டும் வெளியாகி 40 குறி கிடைத்தாலும், குறிப்பிட்ட ஒருவர் படியோடு அத்தனையும் தற்செயலாகப் பொருந்த 1.1 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு.

கடைமடை: இரண்டு பேர் தங்கள் படிகளை ஒப்பிட்டால் வேறுபடும் புள்ளி எல்லாம் பல்லிளித்துவிடுமே? அதை அழித்துவிட்டு விடுவார்கள்.

வெண்ணாறு: இருவருக்கும் ஒரே மாதிரி விழுந்த சுமார் 100 குறி அவர்கள் கண்ணில் படாது. அந்த 100ல் அவர்கள் இருவரும் முழுக்கப் பொருந்துவார்கள், மற்றவர்கள் 50 சொச்சம். ஐந்து பேர் கூட்டு சேர்ந்தால்தான் சிக்கல். ஒளிந்து நிற்பது 12, 13 குறிதான். இப்படிக் கூட்டு சேர்பவர்களைப் பிடிக்கவே 2003ல் கணித அறிஞர் கபோர் தார்தோஷ் தந்த குறியீட்டு முறையிலேயே கூட்டாளிகள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறிகள் பெருக வேண்டும்.

கடைமடை: மதகுப் புள்ளி, மட்டம், புல எண் மூன்றையும் தொடமாட்டோம் என்று உரிமத்தில் எழுதுங்கள். அப்போதுதான் ஒப்புவேன்.

கல்லணைக்கரை: எழுதலாம். ஆனால் 2 மீட்டர் தள்ளியதையும் எழுதினால், எங்கே தேடுவது என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

வெண்ணாறு: வாய்க்கால் கோட்டின் துல்லியம் எவ்வளவு என்பதில் அந்த 2 மீட்டரையும் சேர்த்து எழுதினால் போதும், பொய்யும் இல்லை, இடமும் தெரியாது. முதல் படி வெளியே போகும் முன்பே சாவியின் எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது சாவியை வெளிக்காட்டாத அதன் கைரேகை போன்ற எண்ணை, தேதியோடு நோட்டரியிடம் பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் சாவியைப் பிறகு ஜோடித்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். கோர்ட்டுக்குப் போகும்போது 2023 பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் சான்றிதழும் கூடவே வேண்டும்.