பவுன்ஸ் ரேட்: துள்ளல் வீதம் வேணாமே, எட்டிப்பார்ப்பு வீதம்னா எப்படி?

எல்லாருக்கும் வணக்கம்,

நான் ஒரு துணிக்கடைக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் பாக்குறேன், மாசாமாசம் ஓனருக்குத் தமிழ்லதான் ரிப்போர்ட். சைட்டுக்கு வர்றவங்கள எண்ணிச் சொல்ற பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ கூகுள் 2023 ஜூலை 1ல நிறுத்துனப்போ வேற வழியில்லாம அதுக்கு அடுத்து வந்த ஜிஏ4க்கு (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) மாறுனோம். முதல் மாசமே, பவுன்ஸ் ரேட்டுக்கு (சைட்டுக்கு நூறு தடவ வந்தா அதுல எத்தனை பவுன்ஸ்ங்கிற கணக்கு) நான் "துள்ளல் வீதம்"னு போடுற எண்ணு பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, ஓனர் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துப் பாராட்டுனாரு. நான் சைட்ல ஒரு பட்டன்கூட மாத்தல. டீ தொண்டையில இறங்கல.

பேரு அதேதான், அளக்குறதுதான் வேற. பழசுல ஒருத்தர் ஒரே பக்கத்தப் பாத்துட்டு எதையும் க்ளிக் பண்ணாம போனா பவுன்ஸ், பட்டுப்புடவைய எப்படி மடிச்சு வைக்கணும்னு நாங்க எழுதுனத எட்டு நிமிஷம் உக்காந்து முழுசா படிச்சிருந்தாலும் பவுன்ஸ்தான். ஜிஏ4ல 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கம் பாத்தாலோ, நாம முக்கியம்னு குறிச்சு வச்ச செயல் எதாவது (ஆர்டர், போன் நம்பர அமுக்குறது) நடந்தாலோ அது எங்கேஜ்டு செஷன் (செஷன்னா ஒருத்தர் சைட்டுக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறது). மூணும் இல்லாததுதான் பவுன்ஸ். எங்கேஜ்டு வீதம், பவுன்ஸ் வீதம் ரெண்டையும் கூட்டுனா 100.

எங்கேஜ்டு செஷனுக்கு "ஈடுபாட்டு அமர்வு"ன்னு சொல்றாங்க. பதினோரு செகண்ட் இருந்தவர ஈடுபாடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அமர்வுன்னா கோர்ட்டு ஞாபகம் வேற வருது. துள்ளல் சுத்தமா வேணாம், பந்துக்குத்தான் அது. கடைக்காரங்க சொல்றது "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க". அதனால எட்டிப்பார்ப்பு வீதம், அதுக்கு எதிர்ல தங்கல் வீதம். சொல்லுங்க.

---

> எதிர்ல தங்கல் வீதம்

எட்டிப்பார்ப்பு அருமைங்க. தங்கல் ஒட்டல. தங்குறதுன்னா ராத்திரி படுத்து எந்திரிக்கிறது, எனக்கு முதல்ல திருத்தங்கல் ஊருதான் ஞாபகம் வந்துச்சு :) நின்னு பாத்தாங்கன்னுதானே நாம சொல்லுவோம்?

இன்னும் ரெண்டு விஷயம். அந்த 10 செகண்ட செட்டிங்ஸ்ல 60 வரைக்கும் ஏத்திக்கலாம், அதனால சொல்லோட விளக்கத்துல எண்ணப் போட்டுக் கட்டிப்போட வேணாம். அப்புறம் பழைய பவுன்ஸுக்கு எட்டிப்பார்ப்பு பொருந்தவே பொருந்தாது, எட்டு நிமிஷம் படிச்சவரு எங்க எட்டிப் பாத்தாரு? அதுக்கு "ஒருபக்க வருகை"ன்னு தனியா வச்சுடுங்க. இங்கிலீஷ்காரங்க ஒரே பேர ரெண்டுக்கும் வச்சுக் குழப்பிக்கிட்டாங்க, நமக்கு என்ன தலையெழுத்து.

செஷனுக்கு "வருகை"ன்னே வச்சுக்கலாம். ஒரே ஆளு அரைமணி நேரம் எதையும் தொடாம இருந்துட்டு மறுபடி வந்தா அது ரெண்டாவது செஷன், "ஒரு ஆள், ரெண்டு வருகை"ன்னா யாருக்கும் புரியும். வீதம்னே இருக்கட்டும், விகிதம்னு மாத்திடாதீங்க, அது கணக்குப் புத்தகத்துல 3:2 போடுறதுக்கு.

---

ஒத்துக்கிறேன், தங்கல வாபஸ் வாங்கிட்டேன். அப்போ எட்டிப்பார்த்த வருகை, நின்றுபார்த்த வருகைன்னு ஜோடியா வச்சுக்கலாம், வீதம் வேணும்னா பின்னாடி சேத்துக்கலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனா சார்ட்டுக்குக் கீழ ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா விளக்கமே தேவைப்படல.

இந்த மாச ரிப்போர்ட்ல போட்டுப் பாத்துட்டேன், பழைய வருஷத்துக்கு ஒருபக்க வருகைன்னு தனிக் கட்டமும் போட்டு, அந்தப் பாராட்டு எனக்குச் சேர வேண்டியது இல்லைன்னும் சொல்லிட்டேன். ஓனர் சிரிச்சாரு. அப்புறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு "எட்டிப் பாத்துட்டுப் போனவங்க எந்த விளம்பரத்துல இருந்து வந்தாங்க?"ன்னு கேட்டாரு. துள்ளல்னு எழுதுன வரைக்கும் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்ல. அதத்தான் இப்போ தேடிக்கிட்டு இருக்கேன்.