சிங்கம் ஏன் கீரையை இறைக்கிறது? குடும்பத்துடன் சிங்க நடனம் பார்த்தபின் எழுந்த ஐயங்கள்

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு சமயத்தில், அம்மாவையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு சேலத்திலிருந்து சிங்கப்பூரில் உள்ள தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே, சிங்க வேடத்துக்குள் இருந்து ஆடும் சீனச் சிங்க நடனம் நடந்தது. ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் குகைப் பகுதி மாரியம்மன் விழாவில் வேடமிட்டவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையை என் தோளில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கும் மகள், அந்தச் சிங்கம் இமைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு அருகில் வந்ததும் வீறிட்டு அழுதுவிட்டாள். அம்மாவுக்கோ வேறு வருத்தம். மேலே கட்டியிருந்த கீரையைச் சிங்கம் கவ்விக் கிழித்துக் கூட்டத்தின் மேல் துப்பியதைப் பார்த்து, "விளைந்த பொருளை இப்படி இறைக்கலாமா?" என்று ஊர் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பிக்கும் விளக்கத் தெரியவில்லை. அடுத்த ஆண்டும் செல்ல இருப்பதால், கீரையின் பொருளையும் குழந்தையின் அச்சத்தைப் போக்கும் வழியையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஏற்காட்டுக் காப்பி:
ஐயா, நான் பதினோரு ஆண்டுகள் மலேசியாவின் ஜொகூரில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தைக் கவனித்து வருகிறேன். உங்கள் தாயார் பார்த்தது லெட்டூஸ் கீரை. சீன மொழிகளுள் ஒன்றான கான்டோனிய மொழியில் அதன் பெயர், செல்வம் பெருகுதல் என்னும் பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிக்கும். அதனுடன் பணம் வைத்த சிவப்பு உறையையும் சேர்த்து வாசலுக்கு மேலே கட்டிவிடுவார்கள். சிங்கம் உடனே பாய்ந்துவிடாது. மோப்பம் பிடிக்கும், பின்வாங்கும், ஐயத்தோடு சுற்றி வரும், பிறகுதான் எட்டிக் கவ்வும். உறையை வைத்துக்கொண்டு இலைகளை மட்டும் இறைப்பது, அந்த இடத்தில் வளம் பரவட்டும் என்ற வாழ்த்தாகும். எங்கள் மேற்பார்வையாளரான சீனப் பெரியவர், தம் தலையில் விழுந்த இலைத் துண்டை அன்று மாலைவரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

உள்ளே இருப்பவர்கள் இருவர். முன்னவர், மூங்கில் சட்டத்தில் காகிதமும் துணியும் ஒட்டிச் செய்த தலையைத் தூக்கிப் பிடித்தபடியே, உள்ளிருக்கும் கயிறுகளை இழுத்து இமையையும் வாயையும் அசைப்பார். எனக்குப் பின்னவர்மேல்தான் மதிப்பு அதிகம். பெரும்பாலும் குனிந்தபடியே ஆடி, முன்னவரின் இடுப்புக் கச்சையைப் பற்றிக்கொண்டு, அவர் எம்பும்போது தூக்கித் தம் தொடைமேல் நிறுத்துபவர் அவரே. ஆனால் கூட்டத்தில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மலேசியாவில் இதை உயரமான கம்பங்களின் மேல் தாவித் தாவி ஆடுகிறார்கள். கெந்திங் மலையில் 1994 முதல் உலகப் போட்டியே நடத்தப்படுகிறது.

சூரமங்கலத்து அம்மா:
என் மகனும் முதல்முறை அப்படித்தான் அழுதான். சிங்கத்தைவிட ஓசைதான் அவனை அச்சுறுத்தியது என்று பிறகு புரிந்தது. பெரிய முரசும் கைத்தாளங்களும் சேகண்டியும் கூரைக்குக் கீழே ஒரே நேரத்தில் முழங்கினால் பெரியவர்களுக்கே நெஞ்சு அதிரும். தீயதை விரட்டுவதற்கென்றே அவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்பதால், அதைக் குறைக்கச் சொல்லவும் முடியாது. ஆகவே இசைக்குழுவிலிருந்து தள்ளி, திறந்த பக்கமாக நில்லுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. ஆட்டம் முடிந்ததும், சிங்கத் தலையைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞரிடம் மகனை அழைத்துச் சென்றோம். அவர் கயிற்றை அவன் கையிலேயே கொடுத்து இமையை ஆட்டச் சொன்னார். மறுநாள் வேறோர் இடத்தில் சிங்கத்தைக் கண்டதும், அவனே ஓடிப்போய்ச் சிவப்பு உறையை அதன் வாயில் வைத்தான். உறையில் வைக்கும் தொகை இரட்டைப்படையாக இருக்கட்டும்; ஆனால் நான்கு வேண்டாம், சீனத்தில் அந்த எண்ணின் ஒலி மரணத்தை நினைவூட்டும்.

கோட்டைத் தெரு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பலர் நீளமான துணி உடலைக் கழிகளில் தாங்கி ஓடுவது டிராகன் நடனம். நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். மகளுக்கு முன்கூட்டியே காணொளி காட்டுவதாக இருந்தால் சிங்கத்தையே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நாம் சிதறுகாய் விடுவது போலத்தானே, இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். மகள் ஓர் அட்டைப் பெட்டியில் கண் வரைந்து, நூல் கட்டி, இமையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த புத்தாண்டு 2027 பிப்ரவரி 6 அன்று பிறப்பதால், தைப் பொங்கலை முடித்துக்கொண்டு புறப்படுகிறோம்.