'நைஸ்' என்ற சொல்லுக்கு உதவி தேவை

வணக்கம். மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று ஒரு பையன் எழுதிய பத்து வரிக் கட்டுரையில் ஏழு 'நைஸ்'. மாமா நைஸ், பிரியாணி நைஸ், மழையும் நைஸ்!

மாமாவுக்கு 'கைண்ட்', பிரியாணிக்கு 'டெலிஷியஸ்', மழைக்கு 'ப்ளெசன்ட்' என்று மாற்றிக் கொடுத்தேன். சரி, அதோடு விட்டிருக்கலாம். அகராதியைத் திறந்தேன். லத்தீனில் 'அறியாத' என்ற பொருளுள்ள 'நெஸ்கியுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். ஆங்கிலத்தில் முதலில் 'மடத்தனமான' என்றுதான் பொருள். 'இனிமையான' என்பது 18ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்திருக்கிறது. இடையில் 'நுட்பமான' என்றும் ஒரு பொருள். 'நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்றால் இன்றும் நுண்ணிய வேறுபாடு.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாவை 'நைஸா அரை' என்கிறோமே, அது அந்த 'நுட்பமான' என்ற பொருளிலிருந்து வந்ததா, இல்லை நாமாகவே மாற்றிக்கொண்டதா? அப்புறம், 'நைஸா நழுவிட்டான்' எப்படி வந்தது? மொழியியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். பையனுக்குப் புரிகிற மாதிரி வேறு இணைச்சொற்கள் இருந்தாலும், எந்த இடத்தில் எது பொருந்தும் என்று ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்புக்குள் கிடைத்தால் நல்லது.